அம்மாவுக்கு வலிக்காது

சரவணா,

நீ புது வீட்டில் பால் காய்ச்சும் அன்றைக்கு நான் வரப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் கடைசி வரைக்கும் படிக்கிற பழக்கம் உனக்கு இல்லை. பள்ளிக்கூடத்திலேயே கேள்வித்தாளைப் பாதி படித்துவிட்டு எழுத ஆரம்பித்துவிடுவாய். அதனால் முக்கியமானது மேலேயே இருக்கட்டும். அந்த வியாழக்கிழமை காலையில் நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வலது கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். உள்ளங்கையில் ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் இல்லை, பதறாதே. நீ பதறுவாய் என்று நினைத்துச் சொல்லவில்லை. இப்படி எழுதும்போது அப்படி ஒரு வார்த்தை போடுவது வழக்கம், அவ்வளவுதான்.

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதே. பேனாவில் பழைய துணியைச் சுற்றி, மேலே நூல் கட்டி, தோசைக் கரண்டிக் காம்பு அளவுக்குத் தடிமனாக்கி வைத்திருக்கிறேன். அப்போதுதான் பிடி நிற்கிறது. அப்படியும் நாலு வரி எழுதினால் பேனா கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இதை எழுதி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனால் உனக்கென்ன, நீ படிக்கிற நேரம் படித்தால் போதும்.

போனில் சொன்னால் ஆகாதா, இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பாய். போன வாரம் போனில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வியாழக்கிழமை பால் காய்ச்சறோம்மா, நீயும் அப்பாவும் மொத நாளே வந்துடுங்க" என்றாய். "டேய், வியாழக்கிழமை எனக்கு வேலூர்ல..." என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் இன்னொரு நாள் வெச்சுக்கலாம்மா, இது நாள் பார்த்து வெச்சது" என்று என் வாயை அடைத்துவிட்டாய். வேலூரில் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அதோடு விட்டிருந்தாலும் நான் இந்தப் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் பயப்படாத, இந்த வாட்டி ஆரத்தித் தட்ட நிவேதா அம்மாகிட்டயே குடுத்துடலாம், நீ சும்மா வந்து நின்னா போதும்" என்றாய். தமாஷுக்குத்தான் சொன்னாய், தெரியும். நான் "சரிப்பா" என்றேன். அந்த "சரிப்பா"வை வருகிறேன் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். பெற்றவள் சரி என்றால் சரிதான் என்று உனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு நினைப்பு.

அந்தத் தட்டைப் பற்றி நீயும் நானும் இதுவரைக்கும் பேசியதே இல்லை. ஊர் பேசி முடித்துவிட்டது, இப்போது நான் பேசுகிறேன். கல்யாணம் முடிந்து நீயும் நிவேதாவும் நம் வாசலில் வந்து நின்றீர்கள். வேலை பார்க்கிற இடத்தில் பார்த்துப் பிடித்துப்போன பெண், வந்தவாசிப் பக்கம், தறி வாசனையே இல்லாத குடும்பம். முதலில் முகத்தைச் சுளித்தது உங்கப்பா. நான் இல்லை. "கட்டிக்கப்போறவன் அவன், நாம இன்னாத்துக்குக் குறுக்கால நிக்கணும்" என்று உங்கப்பாவோடு வாயாடி வாயாடி வழிக்குக் கொண்டுவந்தவள் நான்தான். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், வீட்டுக்கு வருகிற மருமகளுக்கு முதல் ஆரத்தி மாமியார்தான் எடுக்க வேண்டும். பித்தளைத் தட்டு, விளிம்பு வரைக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் வெற்றிலை மேல் கற்பூரம். காலையிலிருந்தே என் வலது கை கனத்துக்கொண்டு, ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு இருந்தது. தட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கொடுத்தால், மருமகளைப் பிடிக்கவில்லை, அதனால்தான் தட்டைத் தொடவில்லை என்பார்கள். அந்தப் பயத்தில் நானே எடுத்தேன்.

இரண்டு சுற்று நன்றாகத்தான் சுற்றினேன். அடுத்த சுற்றில் வலது பக்கம் பிடி விட்டுவிட்டது. விட்டது எனக்குத் தெரியாது. நிவேதாவின் புடவை முழங்காலுக்குக் கீழே சிவந்துகொண்டே போவதைப் பார்த்துத்தான் தெரிந்தது. தட்டு படியில் விழுந்து தெரு வரைக்கும் உருண்டது. உன் அத்தை, உங்கப்பாவோடு பிறந்த புண்ணியவதி, மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "மனசுல இன்னா கீதோ அதான கையில வரும்" என்றாள். அவள் வாய்க்கு நான் பழகினவள், அது எனக்கு ஒன்றும் இல்லை. நீ மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, "புடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். வாசலில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. நான் என்ன பதில் சொல்ல முடியும்? பிடித்திருந்தது, பிடிக்கத்தான் முடியவில்லை என்று அங்கே நின்று விளக்கவா?

எரிகிற கற்பூரம் வெற்றிலையோடு சரிந்து என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்ததை நீ பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் புடவை மேல் இருந்தது. பட்டுப் புடவை இல்லையா, நம் ஊரில் வேறு எதைப் பார்ப்பார்கள். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டிருந்தவள் மட்டும் என் கையைப் பார்த்தாள். மருதாணி போட்ட தன் கையாலேயே அந்த நெருப்பைத் தட்டிவிட்டாள். "அத்தை, சுடலையா உங்களுக்கு?" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கட்டைவிரல் ஓரம் வெந்து வெளுத்திருந்தது. சுடவில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன், "இல்லம்மா, ஒண்ணும் தெரியல" என்று. அவள் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு அது பயமாக இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த மரத்துப்போன கை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன், நீ அந்த வீட்டில்தான் வளர்ந்தாய். ஆனாலும் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைதான் பாவு, ஒரு பாவு முடிந்ததும் அடுத்த பாவை ஏற்ற வேண்டும். பழைய பாவின் நுனியையும் புதுப் பாவின் நுனியையும் ஒவ்வொரு இழையாக எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. முடி மாதிரி இருக்கும், முடியைவிட மெல்லிசு. நெய்கிறவருக்குப் புடவையில் பேர் கிடைக்கும், பிணைக்கிறவளுக்கு ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் நன்றாகப் பிணைத்திருந்தால் அந்த இடமே தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் என் விரல் ரெண்டும் வெட்டு வெட்டாக இருக்கும். சாதத்தில் உப்பு பட்டால் உயிர் போகும். பிறகு தோல் காய்த்துக்கொண்டது. காய்த்த இடத்தில் எரிச்சல் நின்றது. அதற்கும் பிறகு ஒரு நாள், விரல் நுனி மரமரவென்று இருக்கிறது என்று என் மாமியாரிடம், உன் ஆயாவிடம் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "கை மரத்துகினு வருதா? அப்ப தொழில் கையில உக்காந்துகிச்சு" என்றார். நம் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். மரத்த விரல் கூசாது, கூசாத விரல் இழையை அறுக்காது என்று கணக்கு. அந்த வாரமே ஒரு முகூர்த்தப் புடவைப் பாவை முழுசாக என்னிடம் ஒப்படைத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. என் நரம்பு சாக ஆரம்பித்ததற்கு வெற்றிலைப்பாக்கு வைத்துக் கொண்டாடிய வீடு நம் வீடு.

தோல் காய்ப்பது வேறு, நரம்பு மரப்பது வேறு. இதைச் சொல்ல அந்தத் தெருவில் ஒரு நாதி இல்லை. தூக்கத்தில் கை மரத்துப்போய் எழுந்து உதறுவேன், உதறினால் சரியாகிவிடும், மறுபடி படுத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரியும் உதறினாள், எதிர் வீட்டுக்காரியும் உதறினாள். ஊரே உதறினால் அது வியாதியா, பழக்கம்தானே.

உனக்குக் கை உடைந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். கோட்டை மைதானத்தில் சைக்கிள் விட்டு, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கி வந்து நின்றாய். உங்கப்பா, "சந்தவாசல் பக்கம் கட்டு கட்றவரு ஒர்த்தரு கீறாரு, ரெண்டு கட்டு போட்டா சரியாப்பூடும்" என்றார். பாதி பிணைத்த பாவு தறியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு எழுந்தால் இழை எல்லாம் சிக்காகும். "பாவு கெட்டா கெடட்டும், வளர்ற புள்ள கை இது, படம் புடிச்சுப் பாக்காம நான் ஒருத்தர் கையில குடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அட்டையை உன் கைக்குக் கீழே வைத்து என் பழைய புடவைத் துணியால் கட்டி, வேலூர் பஸ்ஸில் ஏற்றினேன். கண்ணமங்கலம் வரைக்கும் நின்றுகொண்டே போனோம். பஸ் குதிக்கிறபோதெல்லாம் நீ கத்தினாய், நான் உன் கையை என் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எலும்பு வளர்கிற நுனியில் முறிந்து விலகியிருக்கிறது, விட்டிருந்தால் கை கோணலாகத்தான் வளர்ந்திருக்கும் என்றார் அங்கே இருந்த டாக்டர். நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு பிரிக்கிற வரைக்கும் உனக்குச் சோறு ஊட்டினேன், கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை சுற்றிக் குளிப்பாட்டினேன், நீ வாயால் சொல்லச் சொல்ல உன் வீட்டுப்பாடத்தைக்கூட நான் எழுதினேன். அந்த டாக்டர் மேஜை மேல் உன் கைக்குப் பக்கத்தில்தான் என் கையும் இருந்தது. அன்றைக்கே அது மரத்துக்கொண்டுதான் இருந்தது. அதைக் காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. கை என்றால் அன்றைக்கு உன் கை மட்டும்தான்.

அப்புறம் நீ வேலைக்குப் போனாய். ஒரு நாள் போன் பண்ணி, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு வலிக்கிறது, தண்ணீர் பாட்டிலைத் தூக்க முடியவில்லை என்றாய். ராத்திரி பகல் என்று பார்க்காமல் கம்ப்யூட்டரும் போனுமாக இருந்ததில் தசைநாண் வீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். உடனே கைக்கு ஒரு பட்டி, மாத்திரை, ஐஸ் ஒத்தடம். ஆபீஸில் உனக்கென்று வேறு மாதிரி மவுஸ் வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை, வலித்தால் அப்படித்தான் பார்க்க வேண்டும். தினமும் போனில் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று நீ சொல்வாய், நான் கேட்பேன். அதில் ஒரு நாள், "எனக்கும் கை மரத்துப்போகுதுடா, சாமான் கையில நிக்கமாட்டேங்குது" என்றேன். "உனக்கு வயசாகுதும்மா, விட்டமின் மாத்திரை வாங்கிப் போடு" என்றாய். அப்புறம் உன் பட்டியின் நிறம் சட்டைக்குப் பொருந்தவில்லை என்ற கதைக்குப் போய்விட்டாய். உன் கை வலித்தால் அது டாக்டரிடம் போகிறது. என் கை வலித்தால் வயசு என்று பேர் வைத்து உட்கார வைத்துவிடுகிறீர்கள். இதை அப்போதே உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து நீங்கள் கிளம்பின பிறகு, கட்டைவிரலில் சுட்ட இடத்துக் கொப்புளம் உடைந்து சீழ் வைத்தது. வலிக்காத புண்ணை யார் கவனிப்பார்கள்? பாத்திரம் தேய்க்கும்போது அதையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறேன். அதைக் காட்டத்தான் வேலூருக்குப் போனேன். அந்த டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு, புண்ணை விட்டுவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடச் சொன்னார். "நான் ஊசியால தொடுவேன், தொடறப்ப சொல்லுங்க" என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். "ஆரம்பிங்கம்மா" என்றேன். "ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சும்மா" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் குத்தின புள்ளிகள். சுண்டு விரலில் தொட்டார், அது மட்டும் சுரீர் என்றது.

மணிக்கட்டில் குழாய் மாதிரி ஒரு குறுகின வழி இருக்கிறதாம். விரலை மடக்குகிற நாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கி அடித்துக்கொண்டு போகின்றன. ஒரே வேலையை வருஷக்கணக்கில் செய்தால் உள்ளே வீங்கி நரம்பை நசுக்குமாம். மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள், நரம்பில் ஓட்டம் அரைகுறையாகத்தான் இருக்கிறது. என் இரண்டு கையையும் மேஜை மேல் மல்லாத்தி வைத்துக் காட்டினார் டாக்டரம்மா. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை மேடு இடது கையில் இருந்தது, வலது கையில் பள்ளமாகிவிட்டது. சோறு பிசைகிற கை, தினமும் பார்க்கிற கை, எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார். எனக்கு முன்னால் உங்கப்பா, "தறிக்காரங்களுக்கு இது சகஜந்தாங்க டாக்டர்" என்று முந்திக்கொண்டார். "உங்களுக்கு மரத்திருக்குதா?" என்று கேட்டு டாக்டரம்மா அவர் விரலில் ஊசியை வைத்தார். உங்கப்பா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

போன சதை திரும்பும் என்று சொல்ல முடியாதாம். அறுத்து அந்த வழியைத் திறந்துவிட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். இடது கையிலும் ஆரம்பித்துவிட்டது, தள்ளிப்போடாதீர்கள் என்றார். தள்ளிப்போட்டால் பேனா என்ன, பொத்தான் என்ன, எதுவும் கையில் நிற்காது. அவர் கொடுத்த நாள்தான் உன் பால் காய்ச்சுகிற வியாழக்கிழமை. உன் நாளும் பார்த்து வைத்த நாள்தான், என் நாளும் பார்த்து வைத்த நாள்தான். இந்த ஒரு தடவை என் நாள் நிற்கட்டும்.

உங்கப்பாவைப் பற்றி இரண்டு வரி. இப்போது என் ஜாக்கெட் ஊக்கை அவர்தான் மாட்டிவிடுகிறார். "இன்னாடி இது, ஆயிரம் இழ பிணைக்கறதவிட பேஜாரா கீது" என்று திட்டிக்கொண்டே மாட்டுகிறார். "நீங்க எங்க பிணைச்சீங்க, நான்தான பிணைச்சேன்" என்றால் குனிந்து அடுத்த ஊக்கைத் தேடுவார். தலையும் வாரிவிடுகிறார், பார்க்கச் சகிக்காது. ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட வருகிறார். உன்னை எதிர்பார்க்கவில்லை. நீ பால் காய்ச்சு.

புத்தி சொல்கிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் பெற்ற வாய் சும்மா இருக்காது. நாளைக்கு உனக்குக் குழந்தை பிறக்கும். தூக்கித் தூக்கி நிவேதாவுக்கு மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும், உனக்கு வந்ததே, அதே வலி. பிள்ளை பெற்றவளுக்கு அதெல்லாம் இருக்கும், பழகிடும் என்று யாராவது சொல்வார்கள். யாராவது என்ன, உன் அத்தையே சொல்வாள். நீ தலையாட்டாதே. அவள் கையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார். உனக்கு வாங்கின பட்டி பரணில் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, அவளுக்கு என்று புதுசாக டாக்டரிடம் போய்க் கேள். பழகிவிட்டது என்று அவளே சொன்னாலும் நம்பாதே. பழகிவிட்டது என்று சொல்கிற பொம்பளை பாதி நேரம் பொய் சொல்கிறாள், மீதி நேரம் அவளுக்கே தெரியவில்லை.

இதோடு முடித்திருப்பேன். முந்தாநாள் நிவேதா போன் பண்ணினாள். உனக்குத் தெரியாமல்தான் பண்ணியிருப்பாள் போல. "புண் ஆறிடுச்சாங்க அத்தை?" என்று கேட்டாள். ஆபரேஷன் விஷயம் அவளிடமும் சொல்லவில்லை, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அதை வைக்க எனக்கு இஷ்டமில்லை. ஆறிவிட்டது என்றேன். அப்புறம், "அன்னைக்கே அவர்கிட்ட சொன்னேங்க அத்தை. நெருப்பு பட்டுது, அத்தைக்குத் தெரியவே இல்ல, எனக்குப் பயமா இருக்குன்னு. அவர்தான், எங்கம்மா கை அப்படித்தான், ஊசி குத்தினாகூட வலிக்காது, சின்ன வயசுல நானே பாத்திருக்கேன்னு சொன்னாரு" என்றாள்.

அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணத்தன்றைக்கே தெரிந்திருக்கிறது. தட்டு ஏன் விழுந்தது என்று தெரிந்தும் போன வாரம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். போனை வைத்துவிட்டு நான் சமையல்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு உன் ஆயுசில் வந்ததில்லை. நீ எதிரில் இருந்திருந்தால், உணர்ச்சி இன்னும் மிச்சம் இருக்கிற இடது கையால் ஒன்று வைத்திருப்பேன்.

ஆத்திரம் அடங்கின பிறகுதான் அந்த ஊசி ஞாபகம் வந்தது. சாப்பிட அடம் பிடிப்பாய். நான் பாவு பிணைக்கிற இடத்தில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியை எடுத்து என் கட்டைவிரல் நுனியில் குத்திக் காட்டுவேன். ஊசி அப்படியே விரலில் நிற்கும். "பாரு, அம்மாவுக்கு வலிக்காது" என்பேன். நீ வாயைப் பிளப்பாய், அந்த நேரம் பார்த்து ஒரு வாய் சோற்றை வைத்துவிடுவேன். "இன்னொரு வாட்டிம்மா" என்பாய். மறுபடி குத்துவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, எங்கம்மாவுக்கு ஊசி குத்தினா வலிக்காது என்று காட்டுவாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வேலை படிந்த கை என்று உன் ஆயா என்னிடம் சொன்னதை, நான் உன்னிடம் வேடிக்கையாக்கிக் கொடுத்துவிட்டேன். நீ அதை அப்படியே நம்பி, அப்படியே வளர்ந்துவிட்டாய். இதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சின்னப் பிள்ளை நம்பலாம். தாலி கட்டின ஆம்பளை, பெண்டாட்டி பயந்துபோய் வந்து சொன்ன பிறகும் நம்பலாமா?

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு உணர்ச்சி திரும்பினால், முதலில் குத்தும், எரியும், தொட்டாலே சுரீர் என்னும், பயந்துவிடாதீர்கள், நரம்பு முழித்துக்கொள்கிறது என்று அர்த்தம் என்றார். எத்தனை வாரம் கழித்து வரும், வருமா வராதா, அவராலேயே சொல்ல முடியவில்லை. வந்தால் அன்றைக்கு உனக்குப் போன் பண்ணுவேன். நீ வேலையில் இருந்தாலும் எடு. வயசு என்று சொல்லாதே, மாத்திரை பேர் சொல்லாதே, சிரிக்காதே. "வலிக்குதுடா" என்று சொல்வேன். எங்கே என்று மட்டும் கேள்.

அம்மா